கைகளை உயர்த்தி, இறக்கி

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்குத் தூக்கம் போயிற்று. பெரிய துயரம் எதுவும் காரணமில்லை. என் வேலையில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் 'ஆன்-கால்' வரும். எங்காவது ஒரு சர்வர் படுத்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு ஃபோன் அலறும். எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, சரிசெய்துவிட்டுப் படுக்கலாம். அது பழகிவிட்டது. ஃபோன் அடிக்காத வாரத்திலும் சரியாக இரண்டு மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது.

நண்பன் ஒருவன் மேற்கு மாம்பலத்தில் ஒரு யோகா ஆசிரியரிடம் அனுப்பினான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையில்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன், கோபம் வந்தால் என்ன செய்வேன், இப்படி. கடைசியில் எழுந்து நிற்கச் சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்க வேண்டும், விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். பன்னிரண்டு தடவை.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. கை அசையறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மூச்சு ஆரம்பிச்சிடணும். கை நின்ன பிறகுதான் மூச்சு நிக்கணும். கை மூச்சுக்குள்ள இருக்கணும், தம்பி."

ஆறு வாரம் இதையும் இதைப்போன்ற இன்னும் இரண்டு மூன்றையும்தான் செய்தேன். யூடியூபில் என் வயதுப் பையன்கள் ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்கி நிற்கிறார்கள். நான் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "இது ஒரிஜினல் யோகாதானா சார்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரிஜினல்னா எது தம்பி?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு மென்பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் அதன் பழைய பதிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்போம். யார், எப்போது, எதற்காக இந்த வரியை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். அதே பழக்கத்தில் யோகாவையும் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தேன்.

*

முதல் அதிர்ச்சி பதஞ்சலியிடம். யோகசூத்திரத்தில் 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. எந்த ஆசனத்தின் பெயரும் அதில் கிடையாது. அசையாமல், சிரமமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சாரம். மனதைப் பற்றித்தான் அந்த நூல் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும்போது ஆசனத்தில் அதிகம் தங்குவதில்லை. மூச்சுக்கும் தியானத்துக்கும் நகர்ந்துவிடுகிறார். 15ஆம் நூற்றாண்டின் ஹடயோக பிரதீபிகையில் விவரிக்கப்படும் ஆசனங்கள் 15. பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவை.

அப்படியானால் இன்று ஒரு யோகா வகுப்பில் நாம் பார்க்கும் அந்த வரிசை, நின்று, குனிந்து, தாவி, மூச்சோடு கோத்துச் செய்வது, எங்கிருந்து வந்தது? பின்னோக்கிப் போனால் பல தடங்கள் ஒரே கட்டடத்தில் போய் நிற்கின்றன. மைசூர், ஜகன்மோகன் அரண்மனை. வருடம் 1933. அங்கே நின்றுகொண்டிருப்பவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

1888இல் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தவர். வைணவக் குடும்பம். முன்னோர் ஒருவர் மைசூர் பரகால மடத்தின் தலைவராக இருந்தவர். இவரும் சிறுவயதில் அந்த மடத்தில் படித்தார். காசியிலும் வேறு இடங்களிலும் சமஸ்கிருதம், தர்க்கம், வேதாந்தம் என்று பட்டங்கள் வாங்கினார். பிறகு இமயத்துக்கு அப்பால், மானசரோவர் பக்கம், ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழு வருடங்கள் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். வரலாற்றாய்வாளர்கள் இந்தக் காலக்கணக்கைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் குருதட்சணை பற்றி அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. திருமணம் செய்துகொள், பிள்ளை குட்டிகளோடு வாழ், யோகத்தைக் கற்றுக்கொடு. குரு கேட்டது இவ்வளவுதானாம். மடாதிபதியாகியிருக்கக்கூடிய படிப்பு கொண்டவர், கடைசி வரை குடும்பஸ்தராகவே இருந்தார்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது லேசாக இல்லை. 1920களில் யோகா ஆசிரியர் என்றால் சோறு கிடைக்காது. ஹாசன் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் காட்டினார். நாடித்துடிப்பை நிறுத்தியது, ஓடும் காரை வெறும் கையால் நிறுத்தியது என்று அந்தக் காலத்துக் கதைகள் நிறைய. வித்தை காட்டினால்தான் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால்தான் யோகம் என்ற சொல்லையாவது கேட்பார்கள் என்ற நிலை.

பிறகு நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தது. அரண்மனையில் உடற்பயிற்சிக்கூடமாக இருந்த ஓர் இடம் யோகசாலையானது. மாணவர்கள் பெரும்பாலும் அரச வம்சத்துச் சிறுவர்கள். துறுதுறுவென்று இருப்பவர்கள். அவர்களைக் கண்மூடி உட்கார வைக்க முடியாது. நாடு முழுக்க உடற்பயிற்சி பற்றிய உற்சாகம் பரவியிருந்த காலமும்கூட. லோனாவ்லாவில் குவலயானந்தர் 1924இல் கைவல்யதாமத்தைத் தொடங்கி யோகத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுபோயிருந்தார். அவுந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை ஓர் உடற்பயிற்சியாகப் பரப்பிக்கொண்டிருந்தார். மைசூர் அரண்மனையிலேயே முந்தைய நூற்றாண்டின் 'ஸ்ரீதத்வநிதி' என்ற நூலில் 122 ஆசனங்கள் படத்தோடு இருந்தன. 1996இல் நார்மன் ஷோமன் என்ற ஆய்வாளர் அந்தப் பகுதியை வெளியிட்டார். 2010இல் மார்க் சிங்கிள்டன், இன்றைய ஆசன யோகத்தில் மேற்கத்திய ஜிம்னாஸ்டிக்ஸின் பங்கும் கணிசமானது என்று வாதிட்டார். எவ்வளவு பங்கு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்த மைசூர்க் காலத்து மாணவர்கள் மூவர் உலகத்தை மாற்றினார்கள். பட்டாபி ஜோயிஸ் அந்த வேகமான வரிசையை மைசூரிலேயே காப்பாற்றி வைத்தார். அதுதான் இன்றைய அஷ்டாங்க யோகா. கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் புனேவுக்குப் போனார். 1966இல் வந்த அவருடைய புத்தகம் உலகின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. ரீகாவில் பிறந்த இந்திரா தேவியை, பெண் என்றும் வெளிநாட்டவர் என்றும் முதலில் மறுத்திருக்கிறார். மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். அவர் பின்னாளில் ஹாலிவுட்டில் பள்ளி திறந்தார்.

அந்தக் காலத்துக் கிருஷ்ணமாச்சாரியார் பயமுறுத்துகிறவர். காசநோயும் டைஃபாய்டும் வந்து நலிந்த சிறுவனாக அவர் வீட்டுக்கு வந்த ஐயங்கார், அந்த வீட்டின் கடுமையைப் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். விருந்தினர் முன்னிலையில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல், கால்களை முன்னும் பின்னுமாக முழுக்க விரிக்கும் அனுமானாசனத்தைச் செய்யச் சொல்லி, தசை கிழிந்து நீண்ட காலம் வலியோடு நடந்ததையும் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த 'ஒரிஜினல்' இதுதானா? பார்க்க வந்தவர்களுக்காக ஒரு பையனின் தசை கிழிவதா?

*

1940இல் மகாராஜா இறந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனையின் பணமும் அதிகாரமும் வற்றின. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வேலை போயிற்று. இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். முப்பத்தைந்து வயதில் வேலை போனால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காத ஐ.டி. ஆள் யாரும் இல்லை.

அவர் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சட்ட அறிஞருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டார் என்கிறார்கள். இங்கே அரண்மனை இல்லை. சிறுவர் கூட்டம் இல்லை. வந்தவர்கள் ஆஸ்துமாக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், தூக்கம் வராதவர்கள். தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொருவர் உடம்பும் வேறு. மைசூரில் எல்லாரும் ஒரே வரிசைக்குள் வளைந்தார்கள். சென்னையில் வரிசை ஒவ்வொருவருக்காகவும் வளைய வேண்டியிருந்தது. அவர் நாடி பார்த்தார், உணவைக் கேட்டார், மூச்சின் நீளத்தைக் கவனித்தார். ஒருவருக்குக் கொடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. முன்பு பெண்ணென்று தயங்கியவர் பிறகு பெண்களுக்கு வேதம் ஓதவும் கற்றுக்கொடுத்தார்.

1961இல் நடந்ததாக அவர் மகன் தேசிகாச்சார் சொல்லும் ஒரு காட்சி உண்டு. தேசிகாச்சார் அப்போதுதான் பொறியியல் பட்டம் வாங்கியிருந்தார். வேறு ஊரில் வேலை காத்திருந்தது. அப்பாவின் யோகத்தில் பெரிய ஆர்வமில்லை. வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. நடுவயது வெளிநாட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, திருமண் இட்ட அந்த ஆசாரமான வைணவரைக் கட்டிக்கொண்டு நன்றி நன்றி என்கிறார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவிடம் கேட்கிறார். அந்த அம்மாள் பல வருடங்களுக்குப் பிறகு முந்தின இரவுதான் மாத்திரை இல்லாமல் தூங்கினாராம்.

தேசிகாச்சார் பொறியியலை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவரானார். ஜே. கிருஷ்ணமூர்த்திக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் சொல்லிக்கொடுப்பது அங்கிருந்து பரவியது. மாம்பலத்து முன்னறைக்கு என் கைகளைத் தூக்கி இறக்கும் பயிற்சி வந்தது இந்த வழியில்தான்.

*

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். இவ்வளவு மாற்றியவர், 'நான் மாற்றினேன்' என்று சொன்னதே இல்லை.

பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது, மயக்கநிலையில், நாதமுனிகள் தோன்றி 'யோக ரகசியம்' என்ற தொலைந்த நூலை ஓதியதாகக் கிருஷ்ணமாச்சாரியார் சொன்னார். கர்ப்பிணிகளுக்கு என்ன, நோயாளிகளுக்கு என்ன, எந்த வயதுக்கு என்ன என்றெல்லாம் அந்த நூல் பேசுகிறது. அது அவருடைய சொந்தப் படைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வைணவ மரபு தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையின் அச்சு புதிதல்ல. நாலாயிரத்தைத் தேடி அதே ஆழ்வார்திருநகரிக்குப் போன நாதமுனிகள், மதுரகவியின் பாசுரத்தைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி, யோகநிலையில் நம்மாழ்வாரிடமிருந்தே எல்லாவற்றையும் பெற்றார் என்பது குருபரம்பரைக் கதை. தொலைந்தது திரும்பக் கிடைத்தது. கொடுத்தவர் முன்னோர். நம் உரையாசிரியர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுதான். புதிதாகத் தோன்றியதைப் பழைய சூத்திரத்தின் அடியில் எழுதி வைத்தார்கள்.

முதலில் இதைப் பொய் என்று நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஆனால் அந்தப் பணிவின் விலையையும் பார்க்கிறேன். மாற்றத்தை மறைத்ததால்தான் என்னைப் போன்றவர்கள் ஐயாயிரம் வருடம் மாறாத ஏதோ ஒன்றைத் தேடி அலைகிறோம். அது கிடைத்தால் நம் உடம்பை நாமே கவனிக்கும் வேலை மிச்சம் என்று நினைக்கிறோம். நான் செய்ததும் அதுதான். ஏன் இரண்டு மணிக்கு விழிக்கிறேன் என்று பார்ப்பதைவிட, எது ஒரிஜினல் என்று பார்ப்பது எனக்கு எளிதாக இருந்தது.

*

96ஆவது வயதில் கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாமென்று சொல்லி, படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். 1989இல், நூறு வயதைக் கடந்து, சென்னையில் காலமானார். அரண்மனைக் கூடத்தில் தொடங்கியது ஒரு கட்டிலில் முடிந்தது. அந்தக் கட்டிலில் அவர் செய்ததை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கமாட்டார்கள்.

போன வருடம் அம்மாவையும் சாரிடம் கூட்டிப்போனேன். மூட்டுவலி. "சப்பணம் போட்டு உக்கார வராதே சார்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். "யாரு கேட்டா? நாற்காலியிலயே உக்காருங்கம்மா" என்றார் சார். அம்மாவுக்குக் கொடுத்தது எனக்குக் கொடுத்தது அல்ல. நான் அதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். "உனக்கெதுக்கு? உனக்கு முட்டியா வலிக்குது?" என்றார்.

தூக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆன்-கால் வாரங்கள் இன்னும் இருக்கின்றன. நேற்றிரவும் ஃபோன் அடித்தது. சரிசெய்து முடித்தபோது மணி மூன்றே கால். ஹாலில் நின்று கைகளைத் தூக்கினேன். மூச்சு முந்திக்கொள்ளவில்லை, கைதான் அவசரப்பட்டது. மறுபடியும் ஆரம்பித்தேன். எட்டாவது தடவையில் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"தூங்கலையாடா?"

"இதோ, முடிச்சிட்டேன்மா."

இன்னும் நாலு தடவை மிச்சமிருந்தது.