நந்தி மலையடிவாரத்துக் கலவை ஒயின்

ஓசூர் எல்லைக்கு அப்பால், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை வட்டாரத்தில் நெடுங்காலமாக விளைவது பெங்களூர் ப்ளூ திராட்சை. தின்னவும் சாறு பிழியவும் உகந்த ரகம். நயமான ஒயினுக்கு அதன் தூக்கலான மணம் ஒத்துவரவில்லை. 1988இல் தொழிலதிபர் கன்வல் குரோவர் இங்கே பிரெஞ்சு ரகங்களைப் பயிரிட்டது பெரும் துணிச்சல். வெப்ப மண்டலத்தில் கொடி உறங்குவதில்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஒரே அறுவடை எடுக்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தின் குளிர்ந்த இரவுகள் கைகொடுத்தன.

வெவ்வேறு ரகத் திராட்சைகளைக் கலந்து ஒயின் செய்யும் முறை பழையது. இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில் பெட்டினோ ரிக்கசோலி 1872இல் எழுதிவைத்த பக்குவத்தில், சாஞ்சொவேசே திராட்சையின் கடுமையைக் கனையோலோ தணிக்கும். சீக்கிரம் குடித்துவிடும் ஒயினுக்கு மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையும் சேரும். அதே வழியில், நந்தியில் குரோவர் தொடங்கிய ஆலையின் 'லா ரிசர்வ்' சிவப்பு ஒயினில் காபர்னே சாவிஞோனின் துவர்ப்போடு ஷிராஸின் கனிச்சுவை இணைகிறது.