மேடையேறிய மடிக்கணினி

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை முழுக்க வளைவுதான். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை இன்னும் குறுகல். இப்படியொரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வர வேண்டுமென்றால் முதல் கவலை பாட்டைப் பற்றியதல்ல, பாரத்தைப் பற்றியது.

அந்தப் பாரம் ரேக் பெட்டி. 1983-இல் மிடி வந்தபின் ஒரே கீபோர்டால் பல கருவிகளை இயக்க முடிந்தது. கட்டையில்லாத சாம்ப்ளர் (பதிந்த ஒலியை வாசிக்கும் கருவி), சின்த், எஃபெக்ட் எல்லாம் 19 அங்குலச் சட்டத்தில் அடுக்கடுக்காக ஏறின. 1988-இல் வந்த அக்காய் எஸ்1000 சாம்ப்ளர் அன்றைய கலைஞர்களின் கனவு. அதோடு வந்த நினைவகமோ 2 மெகாபைட். முழுத் தரத்தில் மோனோவாகப் பதிந்தால் 24 வினாடி ஒலிகூட அடங்காது. அடுத்த பாட்டுக்கு வேறு வாத்தியம் வேண்டுமா? ஃப்ளாப்பியை மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை மேடையைத் தாங்குவது அறிவிப்பாளரின் பொறுப்பு.

கணினி அப்போதும் இருந்தது. ஆனால் கட்டையை அழுத்தினால் ஒலி பிந்தி வந்தது; தாளத்தோடு வாசிக்க முடியவில்லை. ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டி என்ற தொழில்நுட்பத்தின் மூலம் எஃபெக்டுகளை மென்பொருளாக்கியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ஏசியோ, விண்டோஸின் ஒலி அடுக்குகள் வழியே சுற்றாமல் சவுண்ட் கார்டோடு நேராகப் பேசியது. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 256 சாம்பிள் பஃபர் என்றால் தாமதம் ஏறக்குறைய 6 மில்லிவினாடி. ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு ஒலி வந்துசேர ஆகும் நேரமும் அவ்வளவுதான். 1998-இல் கிகாசாம்ப்ளர் ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து, மிச்சத்தை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்தபடியே வாசித்தது. நினைவகத் தட்டுப்பாடும் தீர்ந்தது.

ஆனாலும் மடிக்கணினி மேடைக்கருவியாகப் பிறந்த இடம் பெர்லின் என்றே சொல்வேன். மோனோலேக் குழுவின் ராபர்ட் ஹென்கேயும் கெர்ஹார்ட் பேலசும் தங்கள் கச்சேரிக்குத் தேவையான மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொண்டவர்கள். அந்த அனுபவத்திலிருந்து 2001-இல் ஏபிள்டன் லைவ் வந்தது. ஓடுகிற இசையை நிறுத்தாமலே வேகத்தை மாற்றலாம், துண்டுகளை நினைத்த நேரத்தில் சேர்க்கலாம், விலக்கலாம்.

மலையில் மடிக்கணினிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜெனரேட்டர் ஒரு கணம் தடுமாறினால் ரேக் கருவிகள் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழ வேண்டும். பேட்டரி உள்ள மடிக்கணினி அணையாது. யுஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் ஆடியோ இண்டர்ஃபேசும் அதோடு நிற்கும்.

திருவிழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மடிக்கணினியை மைனஸ் ஒன் (குரலில்லாப் பின்னணி இசை) ஓட்டும் பெட்டியாக மட்டும் மேடையில் வைக்காதீர்கள். ஒரு மிடி கீபோர்டை இணைத்து, தோட்டத்துப் பிள்ளை ஒருவரை வாசிக்க உட்கார வையுங்கள்.