க்ரூப் வழக்கு: கூட்டணி மாறியபோது தண்டனையும் மாறியது



இரண்டாம் உலகப் போர் பாடத்தை வகுப்பில் பெரும்பாலும் 1945-உடன் முடித்துவிடுவோம். ஹிட்லர் இறந்தார், ஜெர்மனி சரணடைந்தது, நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்தத் தலைவர்களுக்குப் பீரங்கியும் டாங்கியும் செய்துகொடுத்த ஆலை முதலாளிகள் என்ன ஆனார்கள்? அவர்களில் ஒருவருடைய கதையை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நம் நாடும் வருகிறது.

ஜெர்மனியின் மேற்கே ரூர் என்ற நிலக்கரிப் பகுதி. அங்கே எஸ்ஸென் நகரில் 1811-ல் தொடங்கியது க்ரூப் குடும்பத்தின் உருக்காலை. பிஸ்மார்க் காலத்துப் போர்களிலும் முதல் உலகப் போரிலும் ஜெர்மன் படையின் பீரங்கி என்றால் க்ரூப் பீரங்கிதான். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், தொழிலதிபர்களிடம் அவர் பெயரால் நன்கொடை திரட்டிய நிதிக்குத் தலைமை வகித்தவர் குஸ்தாவ் க்ரூப். 1943-ல் ஹிட்லர் அந்தக் குடும்பத்துக்கென்றே தனி ஆணை பிறப்பித்தார். அதன்படி மொத்த நிறுவனமும் குஸ்தாவின் மகன் ஆல்ஃப்ரீட் க்ரூப் ஒருவரின் சொத்தாயிற்று.

ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டால் ஆலையில் வேலைக்கு யார்? ஜெர்மனி பிடித்த நாடுகளிலிருந்து ஆட்களை ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். போர்க்கைதிகளையும் வதைமுகாம் கைதிகளையும் வேலையில் விட்டார்கள். போர்க்காலத்தில் க்ரூப் ஆலைகளில் இப்படி வேலை வாங்கப்பட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 1944-ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட யூதப் பெண்களை எஸ்ஸென் ஆலைக்கே அழைத்துவந்தார்கள். பலர் பள்ளி வயதைத் தாண்டிய இளம்பெண்கள். அவர்களில் தப்பிப் பிழைத்த சிலர் பின்னாளில் நூரம்பெர்க் நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொன்னார்கள்.

முதல் நூரம்பெர்க் வழக்கிலேயே தந்தை குஸ்தாவின் பெயர் இருந்தது. உடல்நிலை காரணமாக அவரை விசாரிக்க முடியவில்லை. பிறகு அமெரிக்க நீதிமன்றம் 1947 டிசம்பரில் மகன் ஆல்ஃப்ரீட் மீதும் 11 அதிகாரிகள் மீதும் விசாரணையைத் தொடங்கியது. 1948 ஜூலை 31-ல் தீர்ப்பு வந்தது. ஆக்கிரமிப்புப் போருக்குத் திட்டமிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிடித்த நாடுகளின் ஆலைகளைக் கொள்ளையடித்ததும் அடிமை உழைப்பு வாங்கியதும் நிரூபணமாயின. ஒருவர் மட்டும் விடுதலையானார். ஆல்ஃப்ரீடுக்கு 12 ஆண்டு சிறை, சொத்து முழுவதும் பறிமுதல்.

இனி உலகப்படத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1945-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே அணி. ஜெர்மனி இனி ஆயுதம் செய்யவே கூடாது என்று போட்ஸ்டாமில் சேர்ந்து முடிவெடுத்தவர்கள். 1948-ல் பெர்லின் முற்றுகை. 1949-ல் நேட்டோ உருவானது, அதே ஆண்டில் ஜெர்மனி இரண்டு நாடுகளாயிற்று. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. நேற்றைய கூட்டாளி இன்று எதிரி. நேற்றைய எதிரியின் பாதி நாடு இன்று அரண். போருக்கு எஃகு வேண்டும். அந்த எஃகு ரூரில் இருக்கிறது.

1951 ஜனவரி 31 அன்று மேற்கு ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய், ஆல்ஃப்ரீட் க்ரூப்பின் தண்டனையைக் குறைத்தார். பறிமுதல் உத்தரவும் ரத்து. பிப்ரவரி 3-ம் தேதி ஆல்ஃப்ரீட் லாண்ட்ஸ்பெர்க் சிறையிலிருந்து வெளியே வந்தார். தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. மற்ற தொழிலதிபர் யாருக்கும் சொத்துப் பறிமுதல் இல்லாதபோது இவருக்கு மட்டும் எதற்கு என்பது மெக்ளாயின் வாதம். அரசியல் காரணம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். நூரம்பெர்க்கில் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞராக இருந்த டெல்ஃபோர்ட் டெய்லர் அதை ஏற்காமல் வெளிப்படையாகவே கண்டித்தார்.

மெக்ளாயின் வாதத்தில் சட்ட நியாயம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சாட்சிகள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யென்று ஆகவில்லை. புதிய ஆதாரம் வந்து குற்றம் சிறியதாகிவிடவும் இல்லை. உலகில் யாருக்கு யார் வேண்டும் என்பதுதான் மாறியிருந்தது. 1953-ல் ஆல்ஃப்ரீட் மீண்டும் நிறுவனத் தலைவர். நிலக்கரி, எஃகுப் பிரிவுகளை விற்றுவிட வேண்டும் என்று விதித்த நிபந்தனையும் தவணை மேல் தவணை வாங்கிக் கடைசிவரை நிறைவேறவில்லை.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1946 அக்டோபரில் சோவியத் அரசும் தன் பகுதியிலிருந்த ஜெர்மன் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் குடும்பத்தோடு ரயிலேற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. ராக்கெட் செய்யத் தெரிந்தவர்களை இரு தரப்பும் போட்டிபோட்டுச் சேர்த்துக்கொண்டன. ஹிட்லருக்கு என்ன செய்தாய் என்ற கேள்வி பின்னுக்குப் போய், எங்களுக்கு என்ன செய்வாய் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வருகிறேன். சுதந்திர இந்தியாவுக்கு எஃகு ஆலைகள் வேண்டியிருந்தன. பிலாய்க்கு சோவியத் உதவி, துர்காபூருக்கு பிரிட்டிஷ் உதவி, ஒடிசாவின் ரூர்கேலாவுக்கு ஜெர்மன் உதவி என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த ஜெர்மன் உதவியில் முன்னின்ற நிறுவனங்கள் க்ரூப்பும் டெமாக்கும்தான். ரூர்கேலாவின் முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தது 1959 பிப்ரவரி 3. ஆல்ஃப்ரீட் சிறையிலிருந்து வெளிவந்து சரியாக எட்டு ஆண்டு. தேதி தற்செயல்தான், ஆனால் எட்டே ஆண்டில் அந்தப் பெயர் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது. ரூர்கேலா எஃகால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை உண்மை. அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நன்மை எந்த வழியாக வந்தது என்பதையும் பாடத்தில் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் நினைக்கிறேன்.

ஆலையில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அதே 1959 டிசம்பரில் யூதக் கைதிகளுக்கு இழப்பீடு தர க்ரூப் ஒப்புக்கொண்டது. சட்டப்படி எங்கள் பொறுப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டது. போலந்து, ரஷ்யா, உக்ரைன் பக்கத்து உழைப்பாளிகள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அவர்கள் இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கம்யூனிச ஆட்சிகள் விழுந்த பிறகு, 2000-ல்தான் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் ஆளுக்குப் பாதியாக 1,000 கோடி மார்க் போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்தன. 2007 வரை 16 லட்சத்துக்கும் அதிகமானோர் பணம் பெற்றார்கள். அதற்குள் எத்தனையோ பேர் இறந்துபோயிருந்தார்கள்.

முதலாளிக்குச் சொத்து திரும்பக் கிடைக்க மூன்றே ஆண்டு. உழைத்தவனுக்குக் கூலி கிடைக்க ஐம்பது ஆண்டுக்கு மேல். இரண்டையும் முடிவு செய்தது கூட்டணிக் கணக்கு. இன்றும் நாடுகள் அணி மாறுவதைச் செய்தியில் பார்க்கிறோம். யார் யாருடன் கை குலுக்கினார்கள் என்று பார்க்கும்போது, அந்தக் கைகுலுக்கலில் யாருடைய வழக்கு மூடப்பட்டது என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நம் மாணவர்களிலோ உறவினர்களிலோ ரூர்கேலாவில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், அங்கே கேட்டதையும் பார்த்ததையும் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.