வான்கோழி என்னும் சொல்லும் மூதுரையின் காலமும்

முன்னுரை

ஔவையார் இயற்றியதாக வழங்கும் மூதுரை, பொதுவாகச் சோழர் கால நூலாகக் கருதப்படுகிறது. கல்லாதவன் கவி சொல்வதற்கு அந்நூல் காட்டும் உவமை, மயிலாட்டம் கண்டு தானும் சிறகு விரித்தாடிய வான்கோழி ஆகும். இன்று வான்கோழி எனப்படும் பறவையோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது; 1492க்கு முன் இந்தியாவில் அது அறியப்பட்டிருக்க இயலாது. இம்முரண் காலக்கணிப்புக்கு எந்த அளவு சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பறவையின் வருகை

மெக்சிகோவின் பழங்குடியினர் வளர்த்துவந்த வான்கோழியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். இந்தியாவில் இதற்குரிய புகழ்பெற்ற சான்று 1612ஆம் ஆண்டினது. முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொணர்ந்த இப்பறவையை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் விவரிக்கிறார். அதன் உடலளவை மயிலோடு ஒப்பிடும் அவர், அது மயில்போல் இறகு விரித்தாடுவதையும், தலையின் நிறம் மாறுவதையும் குறிப்பிடுகிறார். அவர் அவை ஓவியர் மன்சூர் இதனை வரைந்துள்ளார்.

பெயர் மாற்றம்

இப்பறவை சென்ற இடமெல்லாம் பிறிதொன்றின் பெயரையே பெற்றது. துருக்கியர் நாடுகள் வழியே வந்த கினிக்கோழிக்கு வழங்கிய ‘டர்க்கி’ என்னும் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். துருக்கியரோ இதனை ‘ஹிந்தி’ என்றனர். டச்சுப் பெயர் கள்ளிக்கோட்டையைச் சுட்டுகிறது. போர்ச்சுக்கீசியப் பெயர் ‘பெரு’. 1758இல் லின்னேயஸ் வழங்கிய பேரினப் பெயரும் கினிக்கோழிக்குரிய கிரேக்கச் சொல்லே. சிற்றினப் பெயர் சேவல், மயில் என்னும் இரு இலத்தீன் சொற்களின் கூட்டு.

இரு வாய்ப்புகள்

மூதுரை சுட்டுவது அமெரிக்கப் பறவை எனின், அப்பாடல் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மயிலோடு ஒப்பிடும் வழக்கு ஜஹாங்கீரின் குறிப்பிலும் இலத்தீன் பெயரிலும் காணப்படுவது இதற்கு அரணாகிறது. ஆயின் வான்கோழி என்பது முன்னர் வேறொரு பறவையைக் குறித்துப் பின்னர்ப் புதுப்பறவைக்கு மாறியிருக்கவும் கூடும்; பிற மொழிகளில் நிகழ்ந்தது அதுவே. இப்பறவையின் தனி அடையாளமான, நிறம் மாறும் மயிரற்ற தலையைப் பாடல் சுட்டவில்லை என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

எனவே ‘வான்கோழி’ என்னும் ஒரு சொல்லைக்கொண்டு மூதுரை முழுவதையும் பிற்காலத்ததாக்குதல் பொருந்தாது. இடைச்செருகலுக்கு இடமிருப்பதால், அச்சொல் காட்டும் காலம் அவ்வொரு பாடலுக்கே உரியதாகும். 16ஆம் நூற்றாண்டுக்கு முந்திய நிகண்டுகளிலும் உரைகளிலும் இச்சொல்லின் ஆட்சியைத் தேடுதலும், ஏட்டுச்சுவடிகளில் அப்பாடலின் நிலையை ஒப்பிடுதலுமே இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளாகும்.