இணையவழி மோசடிக்கு எளிதில் ஆட்படுதல்

ஒரே குறுஞ்செய்தி ஆயிரம் பேருக்குப் போகிறது. சிலர் மட்டும் பணத்தை இழக்கிறார்கள். ஏன் அவர்கள் மட்டும் என்பதை ஆராயும் பொருள் இது. உளவியல், குற்றவியல், வங்கியியல் ஆகிய மூன்றும் இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. பேராசையும் படிப்பின்மையுமே காரணம் என்பது பரவலான ஊர்ப்பேச்சு. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

முன்வரலாறு

இவ்வகை மோசடி இணையத்தைவிட மிகப் பழையது. பிரெஞ்சுத் துப்பறிவாளர் விதோக் 1828இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் சிறைக் கைதிகள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்கிறார். வழியில் புதைத்துவிட்டு வந்த செல்வம் இருக்கிறது, எடுத்துவரக் கொஞ்சம் முன்பணம் வேண்டும் என்று வசதியான வீடுகளுக்கு எழுதுவார்கள். நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதுவே பின்னர் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் அட்லாண்டிக்கைக் கடந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நைஜீரியக் கடிதமாக ஃபேக்ஸிலும் மின்னஞ்சலிலும் வந்தது. கதையை ஏன் இவ்வளவு நம்பமுடியாததாக எழுதுகிறார்கள் என்ற கேள்வியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் எடுத்துக்கொண்டார். சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும், மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் உழைத்தால் போதும் என்பதே மோசடிக்காரரின் கணக்கு என்று அவர் விளக்கினார்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி நிதி நிறுவனங்கள்தாம். 1990களில் அவை வரிசையாக மூழ்கியதன் விளைவே 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். 2012இல், பறவை வளர்த்தால் மாதப் பணம் என்று முதலீடு திரட்டிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. ஈமுவில் பணம் போட்ட விவசாயிகளை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் விசாரிக்காமல் இறங்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்தார்கள், பறவையைப் பார்த்தார்கள், மாதப் பணம் வாங்கியவரிடமே கேட்டார்கள். அந்தக் கறியை யார் வாங்கப்போகிறார்கள் என்ற ஒன்றைத்தான் கேட்கவில்லை. பத்து ஆண்டுகளில் ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் வந்தது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்ற வாக்குறுதியில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறைக் கணக்கு. இங்கும் ஆளைச் சேர்த்துவிட்டவர் அண்டை வீட்டாரோ உறவினரோதான். கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன கோவை நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் கோவையை அடுத்த நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது அதற்கு எதிராக அல்ல, ஆதரவாக.

சிறுவாச்சூர்

தூரம் கேள்வி கேட்பதை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சிறுவாச்சூர். பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மரபாகத் திங்கள், வெள்ளிக்கிழமைகளில் நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்றது. அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் பல சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றன. 2021 அக்டோபரில் கோயிலைச் சேர்ந்த பெரியசாமி மலைப் பகுதிச் சிலைகள் உடைக்கப்பட்டதும், திருப்பணிக்கென்று இணையத்தில் நன்கொடை திரட்டப்பட்டது. 30 லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அறநிலையத்துறையின் அனுமதி இல்லை என்ற புகாரின்பேரில், திரட்டிய யூடியூபர் 2022 மே மாதம் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அது மோசடியா என்பது நீதிமன்றத்துக்குரிய கேள்வி. கொடுத்தவர் பக்கம்தான் இக்கட்டுரைக்கு வேண்டியது. உடைந்த சிலையின் படம் உண்மை, குலதெய்வம் உண்மை. கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும் எண்ணம் வெகுதூரத்தில் இருக்கும் பக்தருக்கு எழுவது அரிது. இணையத்தில் கோயில் பெயரைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும் இந்தத் தூரம் வசதியானது.

ஆட்படும் காரணங்கள்

பிரிட்டனின் நியாய வணிக அலுவலகத்துக்காக எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2009இல் செய்த ஆய்வின்படி, ஏமாந்தவர்கள் மோசடிக் கடிதத்தை மற்றவர்களைவிட அதிகமாக அலசியவர்கள். பலர் அதை வீட்டாரிடம் மறைத்தவர்களும்கூட. முதலீட்டு மோசடியில் சிக்கியோர் நிதியறிவுத் தேர்வில் சிக்காதவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 2006இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முதியோரே அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதும் பாதி உண்மை. அமெரிக்க வணிக ஆணையப் பதிவுகளில் பணம் இழந்ததாகச் சொல்வோர் விகிதம் இளைஞர்களிடமே அதிகம். இழக்கும் தொகைதான் முதியோருக்குப் பெரிது. 2024இல் லூதியானாவின் 82 வயது ஜவுளித் தொழிலதிபர் ஒருவர், வீடியோவில் காட்டப்பட்ட போலி உச்ச நீதிமன்ற விசாரணையை நம்பி 7 கோடி ரூபாய் அனுப்பினார். படிப்போ வசதியோ அங்கே குறுக்கே நிற்கவில்லை.

ஆக, குணத்தைவிட நேரமே பெரிது. மின்வாரியத்தின் பெயரில் வரும் மோசடிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள்: போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'போன மாதக் கட்டணம்' என்று ஒன்று கிடையாது. இருட்டப்போகிறது என்ற அவசரத்தில் அது கண்ணில் படாது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மகன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வங்கிக் கணக்கு அம்மா பெயரிலும் போன் பேரன் கையிலும் இருக்கும். ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) வருவது ஒருவருக்கு, அதைப் படித்துச் சொல்வது இன்னொருவர், பணம் மூன்றாமவருடையது. சந்தேகப்பட வேண்டியது யார் என்பதே அங்கே தெளிவில்லை. மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ விற்ற பணம் மொத்தமாகக் கணக்கில் விழும் நாட்களில் ஒரே அழைப்பில் மொத்தமும் போய்விடலாம்.

தற்போதைய நிலை

2024இல் இந்தியர்கள் இணையக் குற்றங்களில் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இணைய மோசடிக்கான புகார் எண் 1930. ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையதே என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை.