சாகாத சிப்பிகள்

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு ப்ரோக்ராம் மூன்று மாதம் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. ஒரு செய்தியும் யாருக்கும் போகவில்லை. ஆனால் டெஸ்ட் எல்லாம் பச்சை. ஏனென்றால் நான் எழுதிய டெஸ்ட் கேட்டது ஒரே கேள்விதான்: ப்ரோக்ராம் உயிரோடு இருக்கிறதா? இருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் போன் செய்து திட்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அந்த அவமானத்தோடு இருந்த நாட்களில்தான் டிரைபியூட்டைல்டின் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சுருக்கமாக டிபிடி. வெள்ளீயம் கலந்த ஒரு ரசாயனம். கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதைத் தடுக்க முன்பு செம்பு கலந்த பெயின்ட் அடித்தார்கள். 1960களில் டிபிடி பெயின்ட் வந்தது. 70களில் அதைவிடத் தேர்ந்த வகை ஒன்று: கடல்நீர் பட்டுப் பட்டுத் தானே மெல்லத் தேய்ந்து, விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஒரு தடவை அடித்தால் ஐந்து வருஷம் வரைகூடத் தாங்கும். ஒரு என்ஜினியராகச் சொல்கிறேன், அருமையான டிசைன்.

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகருக்குப் பக்கத்தில் ஆர்கஷோன் என்றொரு விரிகுடா. தலைமுறை தலைமுறையாகச் சிப்பி வளர்க்கிற ஊர். கோடை வந்தால் உல்லாசப் படகுகள் வந்து குவியும். 70களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிடிமானத்தில் ஒட்டுவது நின்றுபோனது. ஒரு வருஷம் இல்லை, அடுத்தடுத்த வருஷங்கள். வளர்ந்த சிப்பிகள் சாகவில்லை. ஆனால் ஓடு தடித்து, அடுக்கடுக்காக அறைகள் விழுந்து, அறைக்குள் கூழ் மாதிரி ஏதோ நிறைந்திருந்தது. ஓடு இருந்த அளவுக்கு உள்ளே சதை இல்லை. இதை யார் வாங்குவார்கள்?

இங்கிலாந்தின் கழிமுகங்களிலும் ஓடு தடித்த சிப்பிகள் இருந்தன. தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய வண்டல்தான் காரணம் என்று அங்கே ஒரு விளக்கம் இருந்தது. நம்பக்கூடிய விளக்கம்தான். ஆனால் 80களின் தொடக்கத்தில் சிப்பிகளைத் தொட்டியில் போட்டு, வண்டலைத் தனியாகவும் டிபிடியைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தபோது, ஓட்டைத் தடிக்க வைத்தது பெயின்ட்தான் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு ரசாயனத்தின் நச்சுத்தன்மையை எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் ஒரு அளவுகோலைக் கொடுத்தார்: சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு எவ்வளவு? மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்காக வந்த யோசனை இது. பிற்பாடு தண்ணீருக்கும் போனது. மீனை 96 மணி நேரம், டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை 48 மணி நேரம் ரசாயனம் கலந்த நீரில் விடுவார்கள். பாதி செத்தால் அந்த அடர்த்தியைக் குறித்துக்கொள்வார்கள். எளிமையான சோதனை, எந்த நாட்டு ஆய்வகத்திலும் திரும்பச் செய்து பார்க்கலாம். நானும் அப்படித்தான் டெஸ்ட் எழுதுவேன்.

அந்தச் சோதனையில் மீன்களைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் டிபிடி வேண்டியிருந்தது. அதுவே கடுமையான விஷம்தான். ஆனால் கடலில் அதைவிடக் குறைவாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள அந்த எண் இடம் கொடுத்தது.

கடல் அந்தக் கேள்விக்கு வேறு பக்கத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில், பாறைகளில் வாழும் நத்தை இனம் ஒன்றில், பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை ஒரு ஆய்வாளர் பதிவு செய்தார். மறு வருஷம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வேறொரு நத்தை இனத்தில் இதையே கண்ட ஸ்மித் என்பவர் இதற்கு ‘இம்போசெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். படகுத்துறைகளின் பெயின்ட்தான் காரணம் என்று அவரே எழுதியது 1981இல். நடுவில் பத்து வருஷம்.

இங்கிலாந்தில் பிரையனும் கிப்ஸும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். லிட்டருக்கு 1 நானோகிராமே இந்த மாற்றத்தைத் தொடங்கப் போதும் என்று தெரிய வந்தது. 400 ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் 1 கிராமைக் கரைத்தால் வருகிற அடர்த்தி அது. மீனைக் கொல்லும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். அடர்த்தி கூடினால் புதிதாக வளர்ந்த குழாய் முட்டை வரும் வழியை அடைத்துவிடும். முட்டை உள்ளேயே தங்கிப்போகும். இந்த நத்தையின் குஞ்சுகள் நீரில் மிதந்து வேறு இடம் போகிறவை அல்ல. பாறையில் ஒட்டிய முட்டையிலிருந்து அங்கேயே ஊர்ந்து வருபவை. அதனால் ஒரு பாறையில் இனம் அழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. 96 மணி நேரச் சோதனையில் இது எதுவும் தெரியாது. அங்கே நத்தை உயிரோடு இருக்கும், டெஸ்ட் பாஸ்.

பிரான்ஸ் 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு இந்தப் பெயின்ட்டைத் தடை செய்தது. எல்லா ஆதாரமும் கைக்கு வரும் முன்பே எடுத்த முடிவு. ஆர்கஷோனில் சிப்பிக் குஞ்சுகள் மறுபடி ஒட்டத் தொடங்கின. இங்கிலாந்து முதலில் லிட்டருக்கு 20 நானோகிராம் என்று இலக்கு வைத்தது. நத்தைகளுக்கு அதுவே மிக அதிகம் என்று தெரிந்து, பிறகு 2 நானோகிராமாகக் குறைத்தது. சிறு படகுகளுக்குத் தடை 1987இல்தான் வந்தது. பெரிய கப்பல்களுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. சர்வதேச ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பிளிமத் நத்தையிலிருந்து எண்ணினால் 38 வருஷம்.

இந்தக் கதையில் வில்லன் யார் என்று தேடினேன். சோதனை செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தந்த எண் சரியான எண்தான். ‘எவ்வளவு போட்டால் சாகும்?’ என்ற கேள்விக்கு வந்த விடையை, ‘எவ்வளவு வரை போடலாம்?’ என்ற கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் இருந்த தூரத்துக்கான விலையைச் சிப்பி வளர்த்த குடும்பங்கள் கொடுத்தன. ரசாயனம் கெடுதல் என்று நிரூபிக்கும் பாரமும் பாதிக்கப்பட்டவர்கள் தலையில்தான் விழுந்தது.

இப்போது சோதனைகள் மாறியிருக்கின்றன. இனப்பெருக்கம், வளர்ச்சி, ஹார்மோன் எல்லாம் பார்க்கிறார்கள். ஆனாலும் டிபிடி போன பிறகு வந்த பெயின்ட்களில் சிப்யூட்ரின் என்ற களைக்கொல்லி இருந்தது. நத்தையை விட்டுவிட்டுக் கடல் தாவரங்களைப் பிடித்துக்கொண்டது. 2023 ஜனவரியிலிருந்து அதையும் கப்பல்களுக்குத் தடை செய்திருக்கிறார்கள்.

என் ப்ரோக்ராமுக்கு இப்போது ஒரு புது டெஸ்ட் இருக்கிறது. நிஜமான ஒரு எண்ணுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும். அதை எழுத அரை நாள்கூட ஆகவில்லை. திட்டுவதற்கு எங்களுக்கு ஒருவர் இருந்தார். நத்தைகளிடம் போன் இல்லை.