பெண்களுக்கான சைக்கிள் சீட்

பெண்ணின் இடுப்பெலும்பு அமைப்பையும், அவர் வண்டியில் எவ்வளவு குனிந்து உட்காருகிறார் என்பதையும் கணக்கில் கொண்டு அகலம், நீளம், நடுப்பள்ளம் ஆகியவை வடிவமைக்கப்பட்ட சீட்டே பெண்களுக்கான சைக்கிள் சீட். கடைகளில் இந்தப் பெயரில் விற்பவை எல்லாம் அப்படி அமைந்தவை அல்ல. அகலமாக, மெத்தென்று, அடியில் இரண்டு ஸ்பிரிங்கோடு, பெரும்பாலும் இளஞ்சிவப்புத் தையலுடன் வருவதுதான் ‘லேடீஸ் சீட்’ என்ற எண்ணம் வியாபாரத்தில் வேரூன்றிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து கடைத்தெரு வரை போய்வர அது போதும். தூரமும் வேகமும் கூடும்போது அந்த மெத்தையே தொல்லை தரத் தொடங்குகிறது.

உடம்பு எங்கே படுகிறது

உட்காரும்போது பாரத்தைத் தாங்க இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் இரண்டு முண்டுகள் உள்ளன. உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் வைத்துப் பலகையில் உட்கார்ந்தால் அவை கையில் அழுந்துவது தெரியும். சீட்டின் பின்பகுதி இவ்விரண்டையும் முழுதாகத் தாங்க வேண்டும். சீட் குறுகலாக இருந்தால் முண்டுகள் விளிம்பைத் தாண்டி நழுவும்; பாரத்தை நடுவிலுள்ள சதை சுமக்கும். சீட் அளவுக்கு மீறி அகன்றிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடையின் உட்புறம் விளிம்பில் உராய்ந்து தோல் வழண்டுவிடும்.

இந்த முண்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு 10 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கும். சராசரியில் பெண்களுக்கு அது ஆண்களைவிடச் சற்றே அதிகம். ஆனால் சராசரியை வைத்து ஒருவருக்குச் சீட் வாங்க முடியாது. பெருவாரியான ஆண்களின் அளவும் பெண்களின் அளவும் ஒரே வரம்புக்குள்தான் வருகின்றன. இடுப்புச் சுற்றளவை வைத்தும் ஊகிக்க முடியாது. பருத்த உடம்பில் குறுகிய எலும்பும் ஒல்லியான உடம்பில் அகன்ற எலும்பும் சகஜம். வாங்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்து அகலச் சீட்டை எடுத்து நீட்டும் கடைக்காரர் பாதி குத்துமதிப்பில்தான் நீட்டுகிறார்.

அகலத்தைவிடப் பெரிய வேறுபாடு முன்பக்கத்தில் இருக்கிறது. இடுப்புக்கூட்டின் முன்னெலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள வளைவு ஆண்களுக்குக் குறுகலாகவும் பெண்களுக்கு அகன்றும் இருக்கும். ஹேண்டிலைப் பிடிக்கக் குனியும்போது இடுப்புக்கூடு முன்னோக்கி உருள்கிறது. பாரம் பின்முண்டுகளை விட்டு இந்த முன்வளைவுக்கு நகர்கிறது. அங்கே அடியில் இருப்பது சீட்டின் மூக்கு. மூக்குக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குபவை பிறப்புறுப்பின் இதழ்களும், அவ்விடத்து நரம்புகளும், ரத்தக் குழாய்களும். மரத்துப் போதல், எரிச்சல், வீக்கம் எல்லாம் இந்த நசுக்கலின் விளைவுகளே.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்டிகளில் கலந்துகொள்ளும் பெண் சைக்கிளோட்டிகளையும் ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சைக்கிளோட்டிகளுக்குப் பிறப்புறுப்பில் தொடு உணர்வு குறைந்திருந்தது. பாலுறவு வாழ்க்கையில் பாதிப்பு ஏதும் தென்படவில்லை. 2012இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் குறிப்பாகப் பேசியது: ஹேண்டில் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தப் பகுதியில் அழுத்தமும் கூடுகிறது, உணர்வும் மழுங்குகிறது. சீட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தொல்லை சில நேரம் ஹேண்டிலில் இருக்கும்.

மெத்தை பற்றிய நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. இலவம்பஞ்சுத் தலையணையில் முழங்கையை ஊன்றினால் பக்கத்துப் பஞ்சு எழும்புவதுபோல, தடித்த நுரையிலோ ஜெல்லிலோ முண்டுகள் அமிழும்போது நடுப்பகுதி மேலே எழுந்து, அழுத்தமே கூடாத இடத்தை அழுத்தும். முதல் பத்து நிமிடம் சுகமாகத் தெரிகிற சீட் ஒரு மணி நேரத்துக்குப் பின் பொறுக்க முடியாமல் போவதன் காரணம் இதுவே. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் கெட்டியான, மெல்லிய மெத்தை கொண்ட சீட்டைத் தேர்வதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பதுண்டு.

வரலாறு

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வந்து, இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்த பிறகே பெண்கள் பெருமளவில் சைக்கிளுக்கு வந்தார்கள். அப்போது கிடைத்தது ஆணுக்காகத் தைத்த தோல் சீட். பர்மிங்காமில் குதிரைச் சேணத் தோல் வேலை செய்துவந்த ஜான் போல்ட்பி புரூக்ஸ் 1882இல் தன் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரும்புச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டும் அந்த முறை இன்றும் தொடர்கிறது. உட்கார உட்காரத் தோல் அவரவர் எலும்புக்கேற்பக் குழியும் என்பது அதன் சிறப்பு; அதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பொறுமை வேண்டும் என்பது அதன் குறை. புரூக்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற பி17 சீட்டுக்கு ‘எஸ்’ என்று முடியும் குட்டை வடிவமும் உண்டு. பெண்களுக்கென வந்தது அதுதான். அகலத்தில் பெரிய மாற்றம் இல்லை, நீளம் மட்டும் சுமார் 3 செ.மீ. குறைவு. பாவாடை மூக்கில் சிக்காதிருக்க அது உதவியது.

1890களில் பெண்களின் சீட் மருத்துவர்களின் விவாதப் பொருளானது. அவர்களில் பலருக்குக் கவலை வலியைப் பற்றியதல்ல. சீட்டின் மூக்கு பெண்ணுக்குப் பாலுணர்வைத் தூண்டிவிடுமோ என்பதுதான். 1895இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சன் எழுதிய கட்டுரையிலும் இந்த அச்சம் இடம்பெற்றது, சைக்கிளால் பெண்களுக்கு நன்மை உண்டு என்று சொன்னவர் அவர் என்றபோதிலும். இந்தப் பதற்றத்தால் ‘உடல்நலச் சீட்’ என்ற பெயரில் விதவிதமான சீட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் ‘கிறிஸ்டி’ சீட் குறிப்பிடத்தக்கது. உலோகச் சட்டத்தின் மேல் இரண்டு தனித்தனித் திண்டுகள், நடுவே வெற்றிடம், மூக்கு மிகச் சிறியது. சாதாரண சீட்டில் உட்கார்ந்த இடுப்பெலும்பையும் கிறிஸ்டியில் உட்கார்ந்த இடுப்பெலும்பையும் அருகருகே வரைந்து காட்டியது அதன் விளம்பரம். ஒழுக்கப் பயத்தில் பிறந்தாலும் உடற்கூறு சரியாகத்தான் இருந்தது. சைக்கிள் மோகம் தணிந்ததும் இவை மறைந்தன. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்குப் பெண்களின் வலியைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

மீண்டும் யோசித்தவர் ஒரு பெண் பொறியாளர். ஜார்ஜினா டெர்ரி 1985இல் அமெரிக்காவில் பெண்களுக்கென்றே சைக்கிள் கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் நடுவில் துளையிட்ட சீட்டை விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து, சைக்கிள் ஓட்டினால் ஆண்மை குறையும் என்று பாஸ்டன் சிறுநீரக மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டீன் 1997இல் எச்சரித்ததும் ஆண்கள் உலகம் பதறியது. அதன்பிறகே பெரிய நிறுவனங்கள் நடுப்பள்ளச் சீட்டில் பணத்தைக் கொட்டின. பெண்களுக்காக வெட்டிய துளை, ஆண்கள் பயந்த பிறகுதான் பொதுவழக்கானது.

இன்றைய சீட்டுகளில் மூன்று போக்குகள் தெரிகின்றன. ஒன்று, நடுவில் முழுத் துளை. இன்னொன்று, மூக்கையே குறைத்து 24, 25 செ.மீ. நீளத்தில் முடித்துவிடுவது. மூன்றாவது, துளையை வெறுமையாக விடாமல் வேறு கெட்டித்தன்மை கொண்ட நுரையால் நிரப்புவது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘மிமிக்’ என்ற பெயரில் 2018இல் கொண்டுவந்தது இந்த வகையே. அதற்குக் காரணம் உண்டு. துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் சில பெண்களுக்கு இதழ்கள் துளைக்குள் இறங்கி விளிம்பில் அறுபடும். துளைச் சீட் எல்லாருக்கும் மருந்தல்ல.

பந்தயக் களத்தில்

பந்தயச் சைக்கிளோட்டிகளுக்கு வெகுகாலம் விதியே எதிரியாக இருந்தது. சீட் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் வரையறுத்திருந்தது. தாழக் குனிந்து ஓட்டும் பெண்ணுக்கு இது மூக்கின் மேலேயே உட்காரும் தண்டனை. பிரிட்டிஷ் அணியின் இயன்முறை மருத்துவர் ஃபில் பர்ட் முதலானோர் ரியோ ஒலிம்பிக்குக்கு முன் தங்கள் வீராங்கனைகளின் புண்களையும் வீக்கத்தையும் ஆராய்ந்து, மூக்கைக் கூடுதலாகச் சாய்க்க அனுமதி கேட்டார்கள். 2016இல் விதி தளர்ந்து 9 பாகை வரை சாய்க்கலாம் என்றானது. அதே குழு வீராங்கனைகளுக்குச் சொன்ன இன்னோர் அறிவுரை செலவில்லாதது: அந்தரங்க முடியை மழிக்காதீர்கள். உராய்வைத் தடுக்கும் இயற்கை அரண் அது. மழித்தால் மயிர்க்கால்கள் சீழ்பிடிக்க வழி திறக்கிறது.

ரியோ பாராலிம்பிக்கில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட் அழுத்தத்தால் நெடுநாள் வீங்கிக் கிடந்த திசுவை அறுவை செய்து அகற்ற வேண்டிவந்ததை 2019இல் கார்டியன் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். கூச்சத்தால் மூடி வைத்திருந்த விஷயத்தை அது பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

அளந்து வாங்குவது

அளக்கக் கருவி வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு நெளி அட்டையை வெட்டி, கெட்டியான முக்காலியில் போட்டு, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார வேண்டும். முக்காலி தாழ்வாக, முழங்கால்கள் சற்றே உயர்ந்திருப்பது நல்லது. சைக்கிளில் குனிவதுபோல முன்னால் சாய்ந்து, அரை நிமிடம் பாரத்தை முழுதாக இறக்கிவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து அட்டையின்மேல் தேய்க்கலாம். குழியில் மட்டும் வெள்ளை ஒட்டாது. ஒரு குழியின் நடுவிலிருந்து மறு குழியின் நடுவரை அளந்து, அதோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் கிடைக்கும். நன்றாக நிமிர்ந்து ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். குனிந்து வேகமாக ஓட்டுபவருக்குக் குறைத்தாலும் போதும். தயாரிப்பாளர்கள் 143, 155, 168 மி.மீ. என்று அகலம் குறித்து விற்பது இதற்காகத்தான்.

சரியான சீட்டும் தவறாகப் பொருத்தினால் வலிக்கும். உயரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழ்க்கோடி வரை இறக்கினால் முழங்கால் ஏறக்குறைய நேராக வேண்டும். அதைவிட உயர்த்தினால் பெடல் எட்டாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டமே தோலைத் தேய்க்கும். அடுத்தது சாய்வு. கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்து மட்டமாக்கிவிட்டு, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி மூக்கை இம்மியளவு இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். அதிகம் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும். மணிக்கட்டும் தோளும் வலிக்கும். மூக்கு மேலே தூக்கியிருப்பது பெண்களுக்கு ஒருபோதும் ஆகாது. இவ்வளவுக்குப் பிறகும் மூக்கு நுனிக்கே நகர்ந்து உட்கார்கிறார் என்றால் ஹேண்டில் எட்டவில்லை என்று அர்த்தம். அதைக் கிட்டே கொண்டுவர வேண்டும், அல்லது உயர்த்த வேண்டும்.

தமிழ்நாட்டில்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களைப் பெருந்திரளாகச் சைக்கிள் ஏற வைத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்த வண்டிகளின் ஹேண்டில் உயரமானது. நிமிர்ந்தே உட்கார முடிந்தது. அதனால் மூக்கின் அழுத்தம் பெரிய சிக்கலாகியிருக்காது. சிக்கல் உயரம்தான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே கற்றார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு என்று தொடங்கிப் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் லட்சக்கணக்கான பெண்பிள்ளைகளைச் சீட்டில் உட்கார வைத்தது. வண்டி கைக்கு வந்த அன்றே சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றியோ இறக்கியோ வைக்கச் சொல்லித் தருவது அரை மணி நேர வேலை.

உடையும் சேர்ந்ததே சீட். சுடிதாரின் கவட்டையில் நான்கு துணிகள் கூடும் தடித்த தையலும் உள்ளாடையின் எலாஸ்டிக் விளிம்பும் நம் வெயிலில் வியர்வையோடு சேர்ந்தால் எந்தச் சீட்டிலும் புண்ணாகும். தூரம் ஓட்டுபவர்கள் திண்டு வைத்த ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணிவார்கள். வேண்டுமானால் மேலே சுடிதார் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயவைத்தே மறுபடி அணிய வேண்டும். வண்டியை விட்டு இறங்கியதும் உடை மாற்றிவிடுவது புண்ணைத் தவிர்க்க மிக எளிய வழி. மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரங்கள் அதே இடத்தில் உரசும் என்பதால் நெடுந்தூரம் ஓட்டும் பெண்களில் சிலர் மாதவிடாய்க் கப்பை விரும்புகிறார்கள்.

ஒருமுறை பொருந்திய சீட் ஆயுளுக்கும் பொருந்தும் என்பதில்லை. பிரசவத் தையல் ஆறும் வரை சீட்டில் உட்காரக் கூடாது. மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகே மீண்டும் தொடங்க வேண்டும், அதுவும் ஹேண்டிலை உயர்த்தி, குறைந்த தூரத்தில். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அப்பகுதித் தோல் மெலிந்து உலர்ந்துபோகும். இருபது வருடமாக ஓட்டிய அதே சீட் திடீரென்று எரியத் தொடங்கும். அப்போது இன்னும் அகன்ற, மூக்கு குட்டையான சீட் உதவலாம், மருத்துவர் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பும் உதவலாம். இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் மரத்தே இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வீங்கி வற்றாமல் இருந்தாலோ சீட்டை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல் மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.